இரும்புத் தூள்

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றாள் ஜெயசித்ரா.

"கேளு."

"கேட்டா கோவப்படுவிய."

"நான் எப்பம்ட்டி உன்கிட்ட கோவப்பட்டிருக்கேன்?"

"இந்த ஊசி, மாத்திரை, பஸ்ஸு, வரிசை, எல்லாம் போதும்னு தோணுது. இனிமே என்னைய..."

"சித்ரா, அதை மட்டும் சொல்லாத."

"முழுசா சொல்ல விடுங்களேன்."

"வேண்டாம். நீ சொல்லிட்டன்னா, அப்புறம் உன் முகத்தைப் பாத்து என்னால சோறு ஊட்ட முடியாது."

அவள் லேசாகச் சிரித்தாள். "சரி, மிலிட்டரி உத்தரவு," என்று சொல்லிவிட்டு ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

அந்தப் பேச்சு நடந்தது சித்திரை வெயிலில். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்பும் பேருந்தில், ஆலங்குளம் தாண்டிக் காற்றாலைகள் தெரிகிற இடத்தில். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. ஆனால் அந்தக் கேள்வியும் பேருந்திலிருந்து கூடவே இறங்கி வீட்டுக்கு வந்து, அவளுடைய கட்டிலின் கால்மாட்டில் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டதாக அவள் கணவன் முத்துச்செல்வத்துக்குத் தோன்றும். கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் போகும்போது சில சமயம் அவள் உதடு பிரியும். உடனே அவன் சாரலைப் பற்றியோ, கரண்ட் போவதைப் பற்றியோ பேச ஆரம்பித்துவிடுவான். உதடு மூடிக்கொள்ளும்.

இப்போது ஆனி. குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது. குத்துக்கல்வலசையில் புதிதாகப் பிரித்த மனைகளின் கடைசி வீடு அவர்களுடையது. கொல்லைக் கதவைத் திறந்தால் மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம்தான் இருந்தது. காலையும் மாலையும் ஒரே சாம்பல் நிறம். கொடியில் போட்ட துணி மூன்றாவது நாளும் ஈரமாக இருந்தது. வீடு முழுக்க ஈரத்துணி, டெட்டால், என்ஜின் ஆயில் மூன்றும் கலந்த ஒரு வாடை. அதற்கு அவன் பழகிப்போயிருந்தான். எல்லாவற்றுக்குமே பழகிப்போயிருந்தான். விடியும் முன் எழுந்து அவளைச் சுத்தம் செய்வது, படுக்கை மாற்றுவது, கஞ்சி காய்ச்சுவது, பிறகு மேஜைக்குப் போவது. மறுபடியும் கஞ்சி. மறுபடியும் மேஜை.

ராணுவத்தில் வண்டிப் பட்டறையில் இருந்துவிட்டு வந்தவன் அவன். தென்காசியில் வாடகைக்கு எடுத்திருந்த ஷெட்டை அவள் படுத்ததும் மூடிவிட்டான். வீட்டிலிருந்தே சத்தமில்லாமல் செய்யக்கூடிய ஒரே வேலையை மட்டும் வைத்துக்கொண்டான். என்ஜினைப் பிரித்தவர்கள் பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் அவனிடம் கொண்டுவந்து தருவார்கள். நான்கு பிஸ்டன், நான்கு ராடு. நான்கும் ஒரே எடையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேகம் கூடும்போது என்ஜின் உதறும். பிஸ்டனை அப்படியே தராசில் வைத்துவிடலாம். ராடை இரண்டு முறை நிறுக்க வேண்டும். சின்ன முனையைக் கொக்கியில் தொங்கவிட்டுப் பெரிய முனையைத் தராசில் சாய்த்து ஒரு முறை, திருப்பி மாட்டி ஒரு முறை. நான்கில் எது குறைவோ அதுதான் அளவு. மற்ற மூன்றையும் அரத்தால் ராவி அந்தக் குறைவுக்கு இறக்க வேண்டும். அதற்காகவே ராடின் முனையில் கொஞ்சம் இரும்பை மேடாக விட்டிருப்பார்கள். அந்த மேட்டை அவன் சதை என்பான். சதையை எடுக்கலாம். வைக்க முடியாது.

மேஜை இருந்தது சமையலறை ஜன்னலோரம். அங்கே உட்கார்ந்தால் திறந்த கதவு வழியாக முன்னறைக் கட்டிலில் அவளுடைய பாதங்கள் தெரியும். அவ்வளவுதான் தெரியும். அது போதும் அவனுக்கு.

முதலில் அவன் கவனித்தது ஒரு சின்ன விஷயம். காகிதம் சுத்தமாக இருந்தது.

ராடைக் கவ்விப் பிடிக்கும் பட்டறை இடுக்கிக்குக் கீழே எப்போதும் பழைய செய்தித்தாளை விரித்துவைப்பான். ராவின தூள் அதில் விழும். வேலை முடிந்ததும், பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றி வைத்திருந்த காந்தத்தை மேலே ஓட்டி, ஒட்டிக்கொள்ளும் தூளை டப்பாவில் தட்டுவான். அன்று, சீசனுக்கு வருகிறவர்களை ஏற்றிச் சுற்றிக்காட்டும் மைதீனுடைய ஜீப்பின் ராடு. காலை முழுக்க ராவியிருந்தான். விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. தராசிலும் எடை குறைந்திருந்தது. ஆனால் காகிதத்தில் ஒரு பொட்டுத் தூள் இல்லை. காந்தத்தை ஓட்டிப் பார்த்தான். மேஜை விளிம்பில், தரையில், தன் வேட்டியில். வழவழவென்ற வெறும் காந்தமாகவே அது திரும்பி வந்தது.

ஜன்னல் காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்தான். ஜன்னல் சாத்தியிருந்தது. அதையும் பார்த்தான். அதற்கு மேல் யோசிக்க அலுப்பாக இருந்தது. கஞ்சிக்கு நேரமாகிவிட்டது.

மறுநாள் மைதீன் வந்தான். வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு, நனைந்த குடையைச் சுவரில் சாய்த்தான்.

"அண்ணாச்சி, சூரியகாந்தி பூத்துட்டு. ஊரே சுந்தரபாண்டியபுரத்துக்குப் போட்டோ புடிக்கப் போவுது. என் ஜீப்பு மட்டும் வயித்தைத் தொறந்து போட்டுக்கிட்டுக் கெடக்கு."

"அவசரப்பட்டா உதறும்லே."

"உதறினா உதறட்டும். மெட்ராஸ்காரன் மசாஜுன்னு நெனச்சுக்கிடுவான். குற்றாலத்துக்கு அதுக்குத்தான வாரான்."

கட்டிலில் இருந்து ஜெயசித்ராவின் குரல் வந்தது. "மைதீனு, உன் ஜீப்பு ஓடினாத்தான் சத்தம். நின்னா ஊருக்கே நிம்மதி."

"மதினி வாய் மட்டும் குறையலை," என்று மைதீன் சிரித்தான். பிறகு தலையை மட்டும் நீட்டி அவளைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவளைப் பார்க்கிற எல்லாருக்கும் அப்படித்தான். போர்வைக்குள் உடம்பு இருக்கிற மேடுகூடத் தெரியாது. "என்ன சொல்லுதாக டாக்டரு?" என்று மெதுவாகக் கேட்டான்.

"எடை ஏறணும்லே. நாப்பது கிலோ தொட்டாத்தான் ஆபரேஷன். இல்லைன்னா மயக்க மருந்தே தாங்காதாம்."

"ஏறும் அண்ணாச்சி. அல்லா இருக்கான்." குடையை எடுத்துக்கொண்டு போனான்.

அன்று சாயங்காலம் முத்துச்செல்வத்தின் கை ஒரு தப்புச் செய்தது. களைத்த கை. மூன்று ராடுகள் சரியாகிவிட்டன, நான்காவது இன்னும் ஒரு துளி கூடுதல். ஒரே ஒரு இழுப்புப் போதும். அவன் கண் அவளுடைய பாதங்களில் இருந்தது. கை தானாக இழுத்துக்கொண்டே போயிற்று. கொக்கியில் மாட்டிப் பார்த்தபோது நான்காவது, மற்ற மூன்றையும்விடக் கீழே போயிருந்தது. இனி அதுதான் குறைவு. அதுதான் அளவு. மற்ற மூன்றையும் அந்தத் தப்புக்கு இறக்க வேண்டும். முன்னெப்போதும் எடுக்காத அளவுக்குச் சதை எடுக்க வேண்டியிருந்தது. தன்னையே திட்டிக்கொண்டு விளக்கு வைக்கும்வரை ராவினான்.

காகிதம் சுத்தமாக இருந்தது.

அடுத்த நாள் தென்காசியில் டாக்டரம்மா அவளைத் தாங்கி எடைக்கருவியில் நிறுத்தினார். மூன்று மாதமாக இறங்கிக்கொண்டே வந்த எண் அன்று மேலே போய் நின்றது. ஒரே வாரத்தில் இரண்டு கிலோ. டாக்டரம்மா கருவியைக் காலால் தட்டி மறுபடியும் நிறுத்தினார். அதே எண்.

"பரவாயில்லையே. என்ன கொடுக்கறீங்க?"

"கஞ்சிதான் மேடம்."

"அதையே கொடுங்க."

வரும் வழியில் ஆட்டோவில் அவன் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டான். அதே குச்சிக் கை. கட்டைவிரலும் நடுவிரலும் சுற்றி வந்து தொட்டுக்கொள்கிற மணிக்கட்டு. ரவிக்கை தோளில் தொங்கியது. எடை எங்கே ஏறியது என்று அவன் தேடினான். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் இப்படித் தேடுகிற தன் புத்தியை நினைத்து வெட்கமாக இருந்தது.

"வாய் கசக்குதுங்க," என்றாள் அவள். "காசை நாக்குல வச்ச மாதிரி."

உள்ளே ஏதோ ஒன்று இன்னொன்றோடு பொருந்திக்கொள்ளும் சின்னச் சத்தத்தை அவன் கேட்டான். கேட்காத மாதிரி இருந்தான்.

மைதீன் ராடுகளை வாங்கிக்கொண்டு போன பிறகு அவனுக்கு வேலை எதுவும் இல்லை. ஆனாலும் கொல்லையில் தகரத்தின் கீழ் கிடந்த பழைய ராடுகளை எடுத்து வந்தான். வளைந்தவை, விரிசல் விட்டவை, எந்த என்ஜினுக்கும் ஆகாதவை. ஒன்றை இடுக்கியில் மாட்டினான். ஏன் செய்கிறோம் என்று தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. புதுச் செய்தித்தாளை விரித்தான். அரத்தை வைத்து ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு. கண்ணைக் காகிதத்திலிருந்து எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான். இரும்பின் வாயில் சாம்பல் நிறமாகத் தூள் பிறந்தது. உதிர்ந்தது. இடுக்கிக்கும் காகிதத்துக்கும் நடுவே, ஒரு சாண் தூரத்தில், இல்லாமல் போயிற்று.

முன்னறையில் ஜெயசித்ரா ஆழமாக மூச்சை இழுத்தாள்.

நிறுத்தினான். கேட்டான். ஓடுகளில் சாரல். தூரத்தில் செங்கோட்டை ரயிலின் ஊதல். அரத்தை மறுபடி வைத்து இழுத்தான். அவள் மூச்சு உள்ளே போனது. அரத்தைப் பின்னுக்குக் கொண்டுவந்தான். மூச்சு வெளியே வந்தது. அவன் வேகமாக ராவினான், அவள் வேகமாக. அவன் மெதுவாக, அவள் மெதுவாக. கொஞ்ச நேரம் கையைத் தூக்கி வைத்துக்கொண்டான். அந்த வீட்டில் எந்த மூச்சும் கேட்கவில்லை.

பயந்துபோய் ராவினான்.

அன்றிலிருந்து அதுதான் வேலை. காலையில் கஞ்சி, பிறகு ராவுவது. மதியம் கஞ்சி, பிறகு ராவுவது. ஒரு சிட்டிகைத் தூள்தான் போகிறது, எண்ணோ கிலோவாக ஏறுகிறது. கணக்கு ஒத்துவரவில்லை. ஒத்துவராததைக் கணக்குப் பார்க்க வேண்டாம் என்று விட்டுவிட்டான். அவளுடைய முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. எழுந்து உட்கார்ந்தாள். ஒரு நாள் தானே தலை வாரிக்கொண்டாள். நாற்பதைத் தொட்டாள், தாண்டினாள். டாக்டரம்மா ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை அவன் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தான். அதை வைத்த கை மெலிந்திருந்தது. வாட்ச் முழங்கை வரை நழுவியது. இடுப்பில் பெல்ட்டுக்குப் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. ராத்தூக்கம் இல்லாதவன் மெலியத்தானே செய்வான்.

அடுத்த வீட்டு மூக்கம்மாள் உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் வழிய வழிய ஒரு தூக்கில் கொண்டுவந்தாள்.

"உக்காந்து சாப்பிடுதாளாமே. நான் பாக்காண்டாமா?" என்றவள், ஜெயசித்ராவைக் கைத்தாங்கலாகக் கட்டிலை விட்டு இறக்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தாள். அவளுடைய கால் தரையில் பட்டபோது சத்தம் கேட்டது. வெறும் காலின் சத்தம் இல்லை. அம்மிக்குழவியை வைக்கிற சத்தம். நாற்காலியின் நான்கு கால்களும் மெல்ல வெளிப்பக்கமாக விரிந்தன. பிறகு ஒன்று படாரென்று ஒடிந்தது.

"கடைக்காரன் ஏமாத்திட்டான் தம்பி," மூக்கம்மாள் சிரித்தாள். "எலும்பும் தோலுமா இருக்கவ உக்காந்தே ஒடையுதுன்னா, நான் உக்காந்திருந்தா இந்நேரம் என்னைய ஆஸ்பத்திரிக்குல்லா தூக்கணும்."

"ஆச்சி உக்காரக்கூடாதுன்னுதான் நான் முந்திக்கிட்டேன்," என்றாள் ஜெயசித்ரா தரையில் கிடந்தபடி.

மூக்கம்மாள் சிரித்துக்கொண்டே குனிந்து அவளுடைய அக்குளில் கைகொடுத்தாள். தூக்கினாள். மறுபடி தூக்கினாள். வயல் வேலை செய்த கைகள், நெல்மூட்டையை இடுப்பில் ஏற்றுகிற கைகள். சிரிப்பு மெதுவாக அவள் முகத்திலிருந்து வடிந்தது. கையை எடுத்துச் சேலையில் துடைத்தாள். துடைத்த இடத்தில் ஒட்டியிருந்த கறுப்பைப் பார்த்தாள். பிறகு முத்துச்செல்வத்தைப் பார்த்தாள்.

"அடுப்புல பால் வச்சிட்டு வந்துட்டேன் தம்பி. நான் வாரேன்."

தூக்கை வாங்கக்கூட அவள் திரும்ப வரவில்லை. அவன்தான் கம்பிப்பாரையைக் கொண்டுவந்து, பலகையைக் கொடுத்து, என்ஜினை ஏற்றுகிற மாதிரி நெம்பி நெம்பி மனைவியைக் கட்டிலில் ஏற்றினான். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இமையோரம் ஈரமாக இருந்தது. உதடு பிரிந்தது.

"மழை விடவே மாட்டேங்குது என்ன," என்றான் அவன் அவசரமாக.

உதடு மூடிக்கொண்டது.

அன்று மாலை அவளுக்குத் தலையணையைச் சரிசெய்யக் குனிந்தான். சட்டைப் பையில் காந்தம் இருந்தது, எடுத்து வைக்க மறந்திருந்தான். பை முன்னால் சரிந்தது. குனிந்ததால் சரிகிறது என்று நினைத்தான். அது சரியவில்லை. இழுத்தது. துணி விறைத்து, தையல் நெறிந்து, அவளுடைய மார்பை நோக்கி நாய்க்குட்டி மாதிரி முட்டியது. அவன் கையால் பையைப் பொத்தினான். காந்தம் துணியைக் கிழித்துக்கொண்டு போய் அவளுடைய காறையெலும்புக்குக் கீழே ஒட்டியது. டங்கென்ற சத்தம். தோல் மேல் அந்தச் சத்தம் வரக்கூடாது.

அவள் கண் திறந்து அவனைப் பார்த்தாள். வலித்ததாகத் தெரியவில்லை. களைப்பாக மட்டும் தெரிந்தாள். அவன் காந்தத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பிய்த்தான். வந்தபோது தோலும் கூடவே கொஞ்சம் எழும்பியது. மேலே கூர்கூராக, ஆயிரம் முள்ளாக. பிறகு படுத்துவிட்டது.

அன்றிரவு அரத்தை எடுத்துப் பரண்மேல் எறிந்தான். போதும் என்று நினைத்தான்.

மறுநாள் ராவவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குள் அவளுடைய நகங்கள் நீலமாகிவிட்டன. மாலைக்குள் மூச்சு தொண்டையில் ஒரு கொதிப்பாக மட்டும் இருந்தது. அவன் கட்டிலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, விரல்களைத் தேய்த்துச் சூடாக்கினான். விரல்கள் சூடேறவில்லை. கல்யாணமான புதிதில், மெயின் அருவியில் பெண்கள் பக்கம் போனவள் வெகுநேரம் திரும்பவில்லை என்று, சோப்பும் துண்டுமாகக் கூட்டத்தில் நின்று அவன் பதறியதும், அவள் பின்னாலிருந்து வந்து ஈரத் தலையை அவன் முதுகில் உதறியதும் நினைவுக்கு வந்தன. அவள் இல்லாத ஒரு நாளை அவனால் எண்ணிப்பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான் அவனுடைய பலம். அவ்வளவுதான் அவனுடைய பலவீனமும்.

ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினான்.

கொல்லையில் இருந்த ராடுகள் தீர்ந்தன. பிஸ்டன் பின்கள் தீர்ந்தன. அரிவாள்மனையை ராவினான். தோசைக்கல்லை ராவினான். அம்மா வீட்டுச் சீராக அவளுக்கு வந்த தோசைக்கல். அது ஒரு காகிதம் மாதிரி மெலிந்து, பிடித்த கைக்குள் வளைந்தது. அவன் ராவ ராவ அவள் மூச்சு விட்டாள். பேச்சு குறைந்துபோயிற்று. எதைக் கேட்டாலும் தலையை மட்டும் திருப்பினாள். திருப்பும்போது கழுத்தில் ஒரு கிறீச். இமை மூடித் திறக்கும்போது ஒரு மெல்லிய சத்தம், ஆயில் விடாத வால்வு மாதிரி. அவள் துப்பிய எச்சில் கிண்ணத்தில் மினுங்கியது. அவன் கழுவி வைத்தான். எல்லாவற்றையும் கழுவி வைத்தான்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மதியம் கரண்ட் போயிற்று. சாரல் மழையாகிவிட்டது. மலையிலிருந்து மேகம் இறங்கி வந்து ஜன்னலை அடைத்தது. பகலிலேயே வீட்டுக்குள் இருட்டு. நாளைக்கு ஆம்புலன்ஸ் வரும். இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு வருவார்கள். அவர்கள் குனிந்து, தூக்கப் பார்த்து, நிமிர்ந்து, அவனைப் பார்ப்பார்கள். அதை நினைக்கக்கூட அவனிடம் தெம்பில்லை. வீட்டில் ராவ இனி எதுவும் இல்லை. அரம்தான் பாக்கி. அரத்தை அரத்தால் ராவ முடியாது.

கட்டிலின் கால்கள் தரை ஓடுகளை உடைத்துக்கொண்டு இறங்கியிருந்தன. ஒவ்வொரு காலைச் சுற்றிலும் சிலந்தி வலை மாதிரி விரிசல். மெத்தையின் நடுவே அவள், குழியில் விழுந்தவள் மாதிரி. போர்வைக்குள் மேடு தெரியவில்லை. இப்போதும் அதே குச்சி உடம்புதான்.

"ரொம்ப அசதியா இருக்கு சித்ரா," என்றான். "கொஞ்சம் பக்கத்துல படுத்துக்கிடட்டுமா."

அவள் தலை திரும்பியது. கிறீச்.

படுத்தான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு. மெத்தை அவனுக்காக அழுந்தவே இல்லை. சரிவில் விட்ட பந்து மாதிரி உருண்டு அவளிடம் போய்ச் சேர்ந்தான். அவளுடைய தோள் அவன் கன்னத்தில் பட்டது. குளிர்ச்சி. மழையில் நனைந்த இரும்புக் கேட்டின் குளிர்ச்சி. அதே வாடை.

ஆனாலும் அவள்தான். அவள் கூந்தலின் சீயக்காய் வாசனை அடியில் எங்கோ இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். தூக்கம் வந்துவிடும் போலிருந்தது.

அவள் ஒருக்களித்தாள். கட்டில் முனகியது. அவளுடைய கை எழும்பியது. மெதுவாக. பாரம் தூக்கியில் எழும்புகிற மாதிரி. அவன் மேல் வந்து இறங்கியது. முன்பெல்லாம் தூக்கத்தில் போடுவாளே, அப்படி. மார்புக்குக் குறுக்கே.

அவன் மூச்சு வெளியே போயிற்று.

திரும்ப உள்ளே வரவில்லை.

அவன் அந்தக் கையைப் பிடித்தான். இரண்டு கையாலும். அசையவில்லை. மணிக்கட்டு. விரல்கள் சுற்றி வந்து தொட்டுக்கொள்கிற அதே மணிக்கட்டு. தள்ளினான். விலா எலும்பு ஒன்று உள்ளே வளைந்தது. காலை உதைத்தான். கால் காற்றில் போய் வந்தது. எடையே இல்லாத கால்.

அப்போது அரத்தின் சத்தம் கேட்டது.

ஒரு இழுப்பு. ஒரு பின்வாங்கல். அவனுடைய கைகள் இரண்டும் இங்கே இருந்தன. அவளைப் பிடித்துக்கொண்டு. மேஜையருகே யாரும் இல்லை. சத்தம் மேஜையிலிருந்து வரவில்லை. மிக அருகிலிருந்து வந்தது. அவனுக்குள்ளிருந்து. விலாவின் உள்பக்கம். மேட்டை வழிக்கிற மாதிரி. ஒவ்வொரு இழுப்புக்கும் அவன் கொஞ்சம் குறைந்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் அவள் மூச்சு விட்டாள்.

அவள் முகம் அவன் முகத்துக்கு ஒரு விரல் தூரத்தில். கண்கள் திறந்திருந்தன. சாம்பல் நிறம். கண்ணீர் வந்தது. அது மட்டும் தண்ணீராகவே வந்தது. கன்னத்தில் இறங்கும் வழியெல்லாம் துருவாகச் சிவந்தது.

கை அழுந்தியது.

அவள் உதடு பிரிந்தது.

அவன் இந்த முறை தடுக்கவில்லை. மழையைப் பற்றிச் சொல்ல மூச்சில்லை. உதடு அவன் காதைத் தொட்டது. இரும்பின் உள்ளே, வெகு ஆழத்தில், பேருந்து ஜன்னலில் நெற்றியைச் சாய்த்திருந்தவளின் குரல். களைத்த, சின்ன, அன்பான குரல்.

"போதும்ங்க. இனிமே என்னைய விட்டுருங்க."